இலவசமாகத்தானே பகிர்ந்தேன், நோட்டீஸ் ஏன்?

கேள்வி: ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் நான். ஆறு ஆண்டுகளாக டெலிகிராமில் தமிழ் நூல்களுக்கென்று ஒரு சேனல் நடத்துகிறேன். 640 பிடிஎஃப் இருக்கின்றன. 4,200 பேர் சேர்ந்திருக்கிறார்கள். பாதி நானே ஸ்கேன் செய்தவை, மீதி அங்கங்கே கிடைத்தவை. யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. பெரும்பாலும் கடையில் கிடைக்காத புத்தகங்களைத்தான் போடுகிறேன். போன வாரம் ஒரு பதிப்பகத்தின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. 11 நூல்களைக் குறிப்பிட்டு, 7 நாளில் நீக்க வேண்டும், 5 லட்சம் ரூபாய் நட்டஈடு தர வேண்டும், இல்லாவிட்டால் போலீஸில் புகார் என்று எழுதியிருக்கிறார்கள். நோட்டீஸையும் சேனலின் நூல் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். சேனலையே அழித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா? கைது செய்வார்களா? எதைப் பகிரலாம், எதைப் பகிரக்கூடாது?

பதில்:

ஐயா, வணக்கம்.

சேனலை அழிக்காதீர்கள். ஆனால் நோட்டீஸில் கண்ட 11 கோப்புகளையும் இன்றே எடுத்துவிடுங்கள்.

எடுப்பதற்கு முன் அரை மணி நேர வேலை ஒன்று இருக்கிறது. கணினியில் டெலிகிராம் டெஸ்க்டாப்பைத் திறந்து, சேனலின் மெனுவில் வரலாற்றை ஏற்றுமதி செய்யும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். படம், கோப்பு ஆகியவற்றுக்கு எதிரே உள்ள டிக்கை நீக்கிவிட்டு, பதிவுகளை மட்டும் இறக்குங்கள். எந்த நூலை எந்தத் தேதியில் போட்டீர்கள், கீழே என்ன எழுதினீர்கள் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். 11 பதிவுகளையும் தனித்தனியாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்; கண் படத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்ணும் தெரிய வேண்டும். அது பதிவைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை, இறக்கிக்கொண்டவர்களின் எண்ணிக்கை அல்ல. நாளை எதிர்த்தரப்பு "4,200 பேர் இறக்கினார்கள்" என்று சொன்னால் உங்கள் கையில் பதில் இருக்க வேண்டும். சேனலை மொத்தமாக அழித்துவிட்டால் உங்களுக்குச் சாதகமான ஆதாரமும் சேர்ந்து போய்விடும். நோட்டீஸ் கிடைத்தபின் தடயத்தை அழித்தார் என்ற பெயர் வேறு வரும்.

பிறகு நீக்குங்கள். சேனலிலிருந்து யாராவது வேறு குழுவுக்கு ஃபார்வேர்ட் செய்திருந்தால் அந்தப் பிரதி அங்கேயே இருக்கும். உங்களால் அதைத் தொட முடியாது. உங்கள் கூகுள் டிரைவில் வைத்து இணைப்புக் கொடுத்திருந்தால், இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்ற அனுமதியைக் கட்டுப்படுத்தியது என்று மாற்றுங்கள். பதிவை மட்டும் அழித்துவிட்டு டிரைவை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அழிக்கும் வசதி ஏறத்தாழ இரண்டரை நாள் வரைதான் வேலை செய்யும். எதை எப்போது நீக்கினீர்கள் என்று ஒரு தாளில் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

அந்தப் பதினொன்றில் இரண்டு நூல்களுக்குப் பதிப்பகத்துக்கு உரிமையே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவற்றையும் ஏன் இப்போது எடுக்கச் சொல்கிறேன் என்றால், பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் பிரிவு 63 "தெரிந்தே" மீறுவதைத்தான் குற்றம் என்கிறது. நேற்று வரை எனக்குத் தெரியாது என்று நீங்கள் சொல்லலாம். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு சொல்ல முடியாது. சரிபார்த்தபின் அந்த இரண்டையும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

கைது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிரிவு 63-ன் கீழ் தண்டனை குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு; அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விடமுடியாத வகைக் குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிட் புரோ வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் "இதெல்லாம் சிவில் விவகாரம், போலீஸ் தலையிட முடியாது" என்று யாராவது தேற்றினால் நம்பாதீர்கள். அதே சமயம், 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் புகார் வந்தவுடன் கைது என்பது விதியல்ல. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 35-ன்படி விசாரணைக்கு வரச்சொல்லி அறிவிப்பு அனுப்புவதே முறை. அழைத்தால் போங்கள், ஒத்துழையுங்கள். தலைமறைவாவதுதான் கைதுக்குக் காரணத்தை உண்டாக்கிக் கொடுக்கும்.

காசு வாங்கவில்லை என்பது உங்களுக்குப் பயன்படும், ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல. மீறல் நடந்ததா என்ற கேள்விக்கு லாபம் வந்ததா என்பது பொருட்டே இல்லை. விற்காமல் இலவசமாகவே விநியோகித்தாலும் உரிமையாளரைப் பாதிக்கும் அளவுக்கு இருந்தால் மீறல்தான் என்று பிரிவு 51 சொல்கிறது. தண்டனையின் அளவை முடிவு செய்யும்போதுதான் உங்கள் வாதம் எடுபடும்: வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், காரணத்தைப் பதிவு செய்து, 6 மாதத்துக்கும் குறைவாகத் தண்டனை கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஒன்றை மட்டும் சரிபாருங்கள். சேனலின் முகப்பில் "ஆதரவு தர விரும்புவோர்" என்று ஜிபே எண் எதுவும் போட்டிருந்தீர்களா? புத்தகக் கடை இணைப்புக் கொடுத்து கமிஷன் வந்ததா? ஒரு முறை 200 ரூபாய் வந்திருந்தாலும் "ஒரு ரூபாய் வாங்கியதில்லை" என்று எழுதிக் கொடுக்கக் கூடாது.

பேரில்லாமல் நடத்துகிறோம், யாருக்குத் தெரியும் என்ற நினைப்பும் பலருக்கு உண்டு. 2022 ஆகஸ்டில் ஒரு பயிற்சி ஆசிரியரின் வழக்கில், அவருடைய பாடங்களைப் பகிர்ந்த சேனல்களை நடத்துவோரின் போன் எண், ஐபி முகவரி ஆகியவற்றைத் தரும்படி டெலிகிராமுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்ற வாதம் எடுபடவில்லை, விவரம் தரப்பட்டது. வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் பொறுப்பாக மாட்டார் என்று சில உயர் நீதிமன்றங்கள் சொன்னதும் உங்களுக்கு உதவாது. அவை யார் வேண்டுமானாலும் பதிவு போடும் குழுக்களைப் பற்றியவை. சேனலில் பதிவு போடுவது நீங்கள் ஒருவர்தான்.

5 லட்சத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது அவர்கள் கேட்கும் தொகை. அபராதமும் அல்ல, தீர்ப்பும் அல்ல. நீதிமன்றம்தான் தொகையை முடிவு செய்ய முடியும், அதற்கு நட்டத்தைக் காட்ட வேண்டும். உரிமை இருப்பது தெரியாது, நம்புவதற்கு நியாயமான காரணமும் இல்லை என்று நீங்கள் நிரூபித்தால், தடையுத்தரவும் நீங்கள் சம்பாதித்த லாபமும் மட்டுமே அவர்களுக்குக் கிடைக்கும் என்று பிரிவு 55 சொல்கிறது. ஆனால் முகப்புப் பக்கத்தில் "உரிமை ஆசிரியருக்கே" என்று அச்சடித்த நூலை நீங்களே ஸ்கேன் செய்து போட்டிருந்தால் தெரியாது என்று சொல்வது கஷ்டம். வழக்குப் போட்டால் அது உங்கள் ஊரில் நடக்காமல் போகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்: பதிப்பகம் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க பிரிவு 62 அனுமதிக்கிறது.

இனி 11 நூல்களுக்கு வருவோம். இங்கேதான் உங்கள் சேனல் முழுவதற்கும் தேவையான பாடம் இருக்கிறது.

வரிசை எண் 1 முதல் 6 வரை ஒரே நாவலாசிரியருடையவை. அவர் உயிரோடு இருக்கிறார். இதில் பேச ஒன்றுமில்லை. நான்கு நூல்கள் பத்து ஆண்டாகக் கடையில் இல்லை என்று ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். உண்மையாகவே இருக்கலாம். பதிப்பில் இல்லாததால் உரிமை போய்விடாது. ஆசிரியர் வாழும் காலம் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து 60 ஆண்டும் அது நீடிக்கும். ஏற்கெனவே 50 ஆண்டாக இருந்ததை, 1941-ல் மறைந்த தாகூரின் உரிமை முடியப்போன நேரத்தில் 60 ஆக்கினார்கள்.

கணக்கு எளிது: இறந்த ஆண்டோடு 60-ஐக் கூட்டுங்கள், அந்த ஆண்டின் டிசம்பர் 31 வரை உரிமை. ராஜாஜி 1972 டிசம்பர் 25-ல் மறைந்தார். 2032 டிசம்பர் 31 வரை. அவர் இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் உரிமை ஓராண்டு நீண்டிருக்கும். சுஜாதா 2008, எனவே 2068 வரை. முதற்பதிப்பு எந்த ஆண்டு என்பதற்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை. உங்கள் பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் எதிரே பதிப்பு ஆண்டைத்தான் குறித்திருக்கிறீர்கள். அந்தப் பத்தியை அடித்துவிட்டு, ஆசிரியர் மறைந்த ஆண்டு என்று புதுப் பத்தி போடுங்கள். இரண்டு பேர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக மறைந்தவரின் ஆண்டு. ஆசிரியர் மறைந்தபின் முதன்முதலாக அச்சேறிய கடிதம், நாட்குறிப்பு போன்றவற்றுக்கு மட்டும் அச்சான ஆண்டிலிருந்து 60.

வரிசை எண் 7, 8 சோவியத் காலத்தில் மாஸ்கோவில் அச்சான ரஷ்ய மொழிபெயர்ப்புகள். மூல ஆசிரியர்கள் 1904-லும் 1910-லும் மறைந்தவர்கள், அதனால் எல்லாம் பொது என்று எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. ரஷ்ய மூலம் பொதுதான். நீங்கள் போட்டது தமிழ். மொழிபெயர்ப்பாளருக்கு அந்தத் தமிழ் வாசகத்தில் தனி உரிமை உண்டு, அதே 60 ஆண்டுக் கணக்கோடு. மாஸ்கோப் பதிப்பகம் போய்விட்டது, நாடே போய்விட்டது என்பதாலெல்லாம் அந்த உரிமை கரைந்துவிடாது. நோட்டீஸ் அனுப்பிய பதிப்பகத்திடம் அது இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதைப் பதிலில் கேட்போம். சேனல் முழுக்க இப்படி எத்தனை மொழிபெயர்ப்பு இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். உங்கள் பட்டியலில் அதிகம் தவறியிருப்பது இந்த இடத்தில்தான்.

வரிசை எண் 9 சங்க நூல். மூலப் பாட்டுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. உ.வே.சா. 1942-ல் மறைந்தார், அவர் எழுதிய குறிப்புரைக்கும் முன்னுரைக்கும் 2002-லேயே உரிமை முடிந்துவிட்டது. ஆனால் நீங்கள் போட்டது 1990-களில் ஒரு பேராசிரியர் எழுதிய உரையோடு உள்ள பதிப்பு. பாட்டு பொது, உரை அவருடையது. 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் நூல்கள் பற்றிய ஒரு வழக்கில் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டது: தீர்ப்பின் மூல வாசகம் எல்லோருக்கும் பொது, பதிப்பாசிரியர் தன் திறமையையும் தீர்மானத்தையும் செலுத்திச் சேர்த்த பகுதி அவருக்கு உரியது. இந்த நூலை எடுத்துவிட்டு, உ.வே.சா. பதிப்பையே போடுங்கள்.

வரிசை எண் 10, 11-ன் ஆசிரியர் 1961-ல் மறைந்தவர். உரிமை 2021 டிசம்பர் 31-ல் முடிந்தது. இந்த இரண்டுக்கும் நோட்டீஸ் செல்லாது. இல்லாத உரிமையைக் காட்டி மிரட்டினால், அப்படி உரிமை இல்லை என்று அறிவிக்கக் கோரி நீங்களே நீதிமன்றத்துக்குப் போக பிரிவு 60 வழி செய்கிறது. அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை, பதிலில் ஒரு வரியாகக் காட்டினால் போதும். நீங்கள் ஸ்கேன் செய்தது அவர்களுடைய 2015 பதிப்பு என்று தெரிகிறது. புதிதாக எழுதிய முன்னுரை, அடிக்குறிப்பு, அட்டை ஓவியம் மூன்றும் அவர்களுக்கோ எழுதியவருக்கோ உரியவை. இங்கிலாந்தில் பக்க அமைப்புக்கே 25 ஆண்டு உரிமை உண்டு. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே அட்டையையும் முன்னுரையையும் அடிக்குறிப்பையும் எடுத்துவிட்டு, மூல வாசகத்தை மட்டும் வைக்கலாம். பழைய பதிப்பு கிடைத்தால் அதை ஸ்கேன் செய்வது இன்னும் நிம்மதி.

நாட்டுடைமை பற்றியும் ஒரு வார்த்தை. தமிழக அரசு ஆசிரியருக்கோ வாரிசுக்கோ பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமையாக்கிய படைப்புகளை யாரும் வெளியிடலாம். 60 ஆண்டுக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. பட்டியல் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இருக்கிறது, பல நூல்கள் விக்கிமூலத்திலும் உள்ளன. பேஸ்புக்கில் யாரோ போட்ட பட்டியலை நம்பாமல் அங்கே பாருங்கள். நாட்டுடைமையானது எழுத்துதான், நூலில் உள்ள எல்லாம் அல்ல. கல்கி 1954-ல் மறைந்தார். அவருடைய எழுத்துக்குக் கணக்குப்படியே 2014-ல் உரிமை முடிந்தது. அவருடைய தொடர்களுக்கு வரைந்த மணியம் 1968-ல் மறைந்தார். அந்த ஓவியங்களுக்கு 2028 டிசம்பர் 31 வரை உரிமை இருக்கிறது. பழைய இதழிலிருந்து கிழித்துத் தைத்த பைண்டு புத்தகங்களை அப்படியே ஸ்கேன் செய்து போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இலங்கை எழுத்தாளர்கள் ஏழு பேர் உங்கள் பட்டியலில் இருக்கிறார்கள். அங்கே 2003-ஆம் ஆண்டின் அறிவுசார் சொத்துச் சட்டப்படி 70 ஆண்டு. உங்கள் சேனலை யாழ்ப்பாணத்திலும் திறக்கலாம் என்பதால் 70 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பதில் எழுத வேண்டும். 7 நாள் என்று கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாம் நாளுக்குள் ஸ்பீட் போஸ்டில், பட்டுவாடா அத்தாட்சியோடு அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி. வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிட்டு அனுப்புவது நல்லது. சாரம் இப்படி இருக்கலாம்:

"தங்கள் அறிவிப்பு கிடைத்தது. அதில் கண்ட 11 நூல்களின் கோப்புகளும் இன்ன தேதியில் நீக்கப்பட்டுவிட்டன. இந்தச் சேனலால் எனக்கு வருமானம் எதுவும் இல்லை. வரிசை எண் 10, 11-ன் ஆசிரியர் 1961-ல் காலமானார். பிரிவு 22-ன்படி அவற்றின் பதிப்புரிமை 31.12.2021-ல் முடிவடைந்தது. மற்ற நூல்களில் தங்கள் கட்சிக்காரருக்கு உள்ள உரிமை ஆவணத்தின் நகலையும், அது மின்வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்ற விவரத்தையும் அனுப்பக் கோருகிறேன். என் உரிமைகளுக்குப் பங்கமின்றி இந்தப் பதில் அளிக்கப்படுகிறது."

மன்னிப்பு, விளக்கம், தமிழ்த் தொண்டு, பதிப்பகத்தார் செய்த அநியாயம் எதுவும் இதில் வேண்டாம். "இதுவரை எல்லாப் புத்தகங்களையும் அனுமதியில்லாமல்தான் போட்டேன்" என்று வெள்ளந்தியாக ஒரு வரி எழுதினால், மீதி 629-க்கும் நீங்களே வாக்குமூலம் கொடுத்ததாகிவிடும்.

உரிமை ஆவணத்தை ஏன் கேட்கிறோம் என்றால், தமிழ்ப் பதிப்புலகில் பாதி ஒப்பந்தம் வாய்மொழி. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். 1995 மே மாதத்துக்குப் பிறகு எழுதிய ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுதான். ஒப்பந்தம் போட்ட காலத்தில் புழக்கத்திலேயே இல்லாத வடிவத்துக்கு, தனியாகச் சொல்லாத வரை, உரிமை போகாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. எனவே பழைய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு மின்னூலுக்கும் நாங்களே உரிமையாளர் என்று பதிப்பகம் சொன்னால் கேள்வி கேட்க இடம் உண்டு. இதை வைத்து நீங்கள் தப்பிவிடலாம் என்று பொருளில்லை. பதிப்பகத்திடம் இல்லாவிட்டால் உரிமை ஆசிரியரிடமோ வாரிசிடமோ இருக்கிறது, உங்களிடம் இல்லை. ஆனால் யாரோடு பேசித் தீர்ப்பது என்பது தெரிந்துவிடும்.

பெரும்பாலும் இத்தகைய நோட்டீஸ்கள் நீக்கியதோடும், அந்த நூல்களை இனிப் பகிர மாட்டேன் என்ற எழுத்தோடும் முடியும். உறுதிமொழி கேட்டால் முதல் ஒன்பது நூல்களுக்கு மட்டும் கொடுங்கள். "தங்கள் பதிப்பகத்தின் எந்த வெளியீட்டையும்" என்ற வாசகத்தில் கையெழுத்துப் போட்டால், அவர்கள் அச்சிட்ட பாரதி கவிதையைக்கூட நாளை நீங்கள் போட முடியாது.

"கடையில் கிடைக்காத புத்தகத்தைப் போட்டால் யாருக்கு என்ன நட்டம்?" என்று உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. விற்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்று அமர்ந்திருக்கும் பதிப்பகங்கள் உண்டு. வாரிசு யாரென்றே தெரியாத ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நூலை வெளியிட பிரிவு 31அ-வில் வழி வைத்திருக்கிறார்கள்: முதலில் நாடு முழுவதும் விற்கும் ஆங்கில நாளிதழில் விளம்பரம், பிறகு விண்ணப்பம், பிறகு நிர்ணயிக்கும் தொகையைக் கட்டுவது. முந்நூறு பேர் படிக்கப்போகும் ஒரு தமிழ் நாவலுக்கு இத்தனையும் செய்ய யாருக்கும் கட்டுபடியாகாது. சட்டம் இந்த இடத்தில் தமிழ் போன்ற சிறு சந்தையை நினைத்துப் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

மறுபாதியையும் பாருங்கள். இன்று ஒரு சிறு பதிப்பகம் 300 பிரதி அச்சிடுகிறது. 300 ரூபாய் விலையில் ஆசிரியருக்கு வழக்கமான 10 சதவீதம் என்றால், அத்தனையும் விற்றாலும் 9,000 ரூபாய். உங்கள் சேனலில் இருப்பவர்கள் 4,200 பேர். அவர்களில் நூற்றுக்கு ஒருவர் வாங்க நினைத்து, பிடிஎஃப் கிடைத்ததால் வாங்காமல் போனாலும் 42 பிரதி, அதாவது அந்தப் பதிப்பில் ஏழில் ஒரு பங்கு. சினிமாக்காரர்களுக்கு ஏற்படும் கோடி ரூபாய் நட்டத்தை வைத்தே இந்த விஷயத்தைப் பேசிப் பழகிவிட்டோம். இங்கே அடுத்த பதிப்பு வருமா வராதா என்பதே 40 பிரதியில் நிற்கிறது. பதிப்பில் இல்லாத நூல் என்று நீங்கள் போட்ட நான்கில் ஒன்றைச் சென்ற ஆண்டு மறுபதிப்பு செய்திருக்கிறார்கள். நோட்டீஸிலேயே அந்த வரி இருக்கிறது. கிடைக்காத நூல் எப்போது கிடைக்க ஆரம்பிக்கும் என்று சேனலுக்குத் தெரியாது, போட்ட கோப்பு போட்டபடியே கிடக்கும்.

மீதி 629-ஐ என்ன செய்வது? ஒரே வாரத்தில் முடியாது. முதலில் வாழும் ஆசிரியர்களுடையதை எடுங்கள். அடுத்து மொழிபெயர்ப்புகள். மறைந்த ஆண்டு தெரியாதவற்றைத் தெரியும் வரை இறக்கி வையுங்கள். நீங்கள் ஸ்கேன் செய்ததை உங்கள் ஹார்டு டிஸ்க்கில் சொந்தப் படிப்புக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை; அதற்கு பிரிவு 52-ல் இடமுண்டு. அரிய பிரதிகளின் தாள் நூலை வீட்டில் செல்லரிக்க விடாமல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்துக்குக் கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள். தன்னிடம் தாளில் உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துக்கொள்ள இலாப நோக்கற்ற பொது நூலகத்துக்குச் சட்டமே அனுமதி தருகிறது. டெலிகிராம் சேனல் அந்த வரையறைக்குள் வராது.

வாழும் ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள் என்றால் பலர் தயங்குகிறார்கள். கதை, கட்டுரை எழுதும் பலர் பழைய நூலைத் தாங்களே இலவசமாகத் தரத் தயாராக இருக்கிறார்கள். அவர் மின்னஞ்சலிலிருந்து நான்கு விஷயம் எழுத்தில் வர வேண்டும்: நூலின் பெயர், மின்னுரிமை தன்னிடமே இருக்கிறது என்ற உறுதி, எந்த வடிவில் எங்கே பகிரலாம், மற்றவர்கள் மறுபகிர்வு செய்யலாமா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் (மற்றவர்கள் பகிர ஆசிரியரே முன்கூட்டி அனுமதி தரும் பொது உரிமங்கள்) எது என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். "போட்டுக்கோங்க சார்" என்று போனில் சொன்னது, அவருக்குப் பின் பிள்ளைகள் கேட்கும்போது நிற்காது.

உரிமை முடிந்த நூல்களில் உங்கள் உழைப்பைச் செலுத்துங்கள், அங்கே செய்ய வேண்டியது மலையளவு இருக்கிறது. சேனலில் உள்ள ஸ்கேன்களில் பல செல்போனில் எடுத்தவை. மடிப்பு நிழலில் ஓர எழுத்து விழுங்கப்பட்டிருக்கிறது. 300 டிபிஐ, சாம்பல் நிறம் என்று தட்டை ஸ்கேனரில் எடுங்கள். பொடி எழுத்து என்றால் 400. கறுப்பு வெள்ளை என்ற அமைப்பில் எடுத்தால் புள்ளிகள் போய், மெய்யெழுத்தெல்லாம் உயிர்மெய்யாகிவிடும். எழுத்துணரி மூலம் தேடக்கூடிய வாசகமாக மாற்றும்போது இரண்டு இடத்தில் கட்டாயம் தவறும். துணைக்காலையும் ரகரத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும். பழைய அச்சில் இரண்டும் ஒரே உருவம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, றா, னா போன்ற பழைய வடிவங்களையும் தாறுமாறாகப் படிக்கும். இவற்றை மட்டும் தேடித் திருத்தினாலே பாதிப் பிழை போய்விடும்.

தாள் புத்தகத்தைச் சுற்றுக்கு விடுவதற்கு எந்தத் தடையும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கிய ஒரு பிரதியை நாற்பது பேர் மாறி மாறிப் படிக்கலாம். புதுப் பிரதி உண்டாவதில்லை, அதனால் மீறலும் இல்லை.

பார்வையற்ற நண்பர்கள் மூவருக்காக நாவல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்த வேண்டாம். சாதாரண வடிவில் படிக்க முடியாதவர்களுக்காக, லாபமில்லாமல், அவர்கள் பயன்படுத்தக்கூடிய வடிவில் ஆக்கித் தருவதை 2012 திருத்தம் அனுமதித்திருக்கிறது. ஆசிரியர் உயிரோடு இருந்தாலும் சரி. அந்தக் கோப்பு அவர்களுக்கு மட்டுமே போக வேண்டும் என்பது நிபந்தனை. இப்போது அதையும் பொதுச் சேனலில் போட்டிருக்கிறீர்கள். மூவருக்கும் தனியாக ஒரு குழு ஆரம்பித்து அங்கே மாற்றுங்கள்.

நோட்டீஸில் இல்லாத ஒன்றும் உங்கள் பட்டியலில் கண்ணில் பட்டது: தினமும் காலையில் நான்கு நாளிதழ்களின் இ-பேப்பர். 2020-ல் ஒரு இந்தி நாளிதழ் இதே காரணத்துக்காக டெலிகிராம் மீது வழக்குப் போட்டு, சேனல்களை முடக்கவும் நடத்துவோர் விவரத்தைத் தரவும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியது. இதை நாளைக் காலையிலிருந்தே நிறுத்துங்கள்; பழைய பதிவுகளையும் நீக்குங்கள்.